இரண்டு கன்றும் ஒரு சொல்லும்

அன்று அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் யாராவது கேட்டால் எனக்குத் தடுமாறிவிடும். நான். என் மனைவி. அவள் இடுப்பில் எங்கள் மகள், ஒன்பது மாதக் குழந்தை. மரக்கன்று விற்கிற நோன்யா. நோன்யாவின் அண்ணன், வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தவர். மொத்தம் ஐந்து பேர். குழந்தைக்குப் பேச்சு வரவில்லை, அண்ணனுக்குக் காது மந்தம். ஆக, நோன்யா சொன்ன அந்த ஒரு சொல்லைக் காதால் கேட்டவர்கள் நானும் என் மனைவியும் மட்டும்தான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் அது. மலாக்காவில், காஜா பெராங் பக்கம் ஒரு சின்னப் பலகை வீட்டை வாங்கிக் குடிவந்திருந்தோம். மேற்குப் பக்கம் ஒரு செடிகூடக் கிடையாது. பகல் இரண்டு மணிக்கு மேல் தகரக் கூரை கொதிக்கும். குழந்தையின் முதுகு முழுக்க வேர்க்குரு. நான் பண்டார் ஹிலிரில் ஒரு மளிகைக் கடையில் சாமான் நிறுக்கிற வேலை பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எதையும் இரண்டு தரம் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வெயில் குழந்தையை என்ன செய்யுமோ என்று கடையில் நின்றபடியே கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன்.

மரம் வைப்பது என்று முடிவானதும் என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவள் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். வருஷத்தில் ஒரு தடவை ரப்பர் மரமெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். அப்போது பால் குறையும், கூடவே சம்பளமும் குறையும்.

"மொட்டையா நிக்கிற மரம் மட்டும் வேணாங்க. அதைப் பார்த்தா எனக்குக் கடைக் கடன்தான் ஞாபகம் வருது" என்றாள்.

இரண்டு தெரு தள்ளி இருந்த நோன்யாவிடம் போனோம். நோன்யா என்பது அந்த அம்மாவை மரியாதைக்காக எல்லாரும் கூப்பிடுவது. மலாக்காச் செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்னால் வந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம். கும்பிடுவது மாரியம்மனை, வீட்டில் பேசுவது மலாய். பால் டின்களில் கன்று போட்டு விற்பார். அந்த மலாய்க்குள் அங்கங்கே ஒரு தமிழ்ச் சொல் எட்டிப் பார்க்கும். அது காதில் விழும்போதெல்லாம் என் மனைவி கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தவள் போல என் கையைக் கிள்ளுவாள்.

நோன்யா இரண்டு கன்றுகளைக் காட்டினார். ஒன்று வேம்பு, அவர் வாயில் 'மம்பு'. மற்றது மகிழம், அவருக்கு 'புங்கா தஞ்சோங்'. இரண்டும் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்பவை. வேம்பு வேகமாக உயரும், ஆனால் காலடியில் தண்ணீர் நின்றால் பிடிக்காது, நிழலும் சல்லடை போட்ட மாதிரி விழும். மகிழம் மெதுவாகத்தான் வளரும், முதல் இரண்டு வருஷம் வளர்கிறதா இல்லையா என்றே தெரியாது, ஆனால் வளர்ந்துவிட்டால் இலை அடர்ந்து கூரை மேல் குடை பிடித்தது போல இருக்கும். இதையெல்லாம் கேட்டபிறகு எதை எடுப்பது என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. வேம்பை எடுத்தால் நிழல் போதாது. மகிழத்தை எடுத்தால் குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை வெயிலில் காய வேண்டும்.

"ரெண்டையும் எடுத்துக்கலாம்" என்றாள் மனைவி.

நான் விலை கேட்டேன். நோன்யா சிரித்துக்கொண்டே இரண்டு டின்னையும் என் பக்கம் தள்ளினார். "தானம் டூலு, தம்பி" என்றார்.

மனைவி என்னைக் கிள்ளினாள். "தானமாம்ங்க! தமிழ்லயே சொல்றாங்க!"

மலாயில் 'தானம்' என்றால் நட்டு வை, 'டூலு' என்றால் முதலில் என்று அர்த்தம். முதலில் நட்டுப் பார், பிறகு மற்றதைப் பேசலாம் என்பதுதான் அவர் சொன்னது. எனக்கு அந்த மலாய்ச் சொல் தெரியாதா? தெரியும். கடையில் தினமும் மலாய் பேசுகிறவன்தான். ஆனால் மாதக் கடைசி, சட்டைப் பையில் இருந்தது கொஞ்சம், மனைவியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எல்லாவற்றையும் இரண்டு தரம் எண்ணுகிற நான் அந்தச் சொல்லை மட்டும் ஒரு தரம்தான் எண்ணினேன். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

வேம்பை நான்தான் கொன்றேன். கழிவுநீர் வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தில் வைத்தேன். மழை பெய்த நாளிலும், வேருக்கு எட்டியிருக்குமோ இல்லையோ என்று தண்ணீர் ஊற்றினேன். இலை மஞ்சளானதும் பயந்துபோய்ப் பிடுங்கி வேறு இடத்தில் வைத்தேன். அங்கே வெயில் போதாதோ என்று மறுபடி பிடுங்கினேன். மூன்றாவது இடத்தில் அது குச்சியாக நின்றது. மகிழத்தைப் பற்றிக் கவலைப்பட எனக்கு நேரம் இல்லாததால் அது பிழைத்துக்கொண்டது.

தானமாகக் கொடுத்த அம்மன் மரம் எங்கள் கையில் செத்தது தெரிந்தால் நோன்யா மனசு என்ன பாடுபடும்? அந்த வாரம் புக்கிட் காதிலில் ஒரு வீட்டுக்கு அரிசி கொண்டுபோனபோது வேலியோரம் தானாக முளைத்திருந்த வேப்பங்கன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். இந்த முறை மண்ணை மேடாகக் குவித்து வைத்தேன், தொடவே இல்லை.

"செத்ததைச் சொல்லிட்டாதான் என்ன?" என்று மனைவி கேட்டாள்.

"வேணாம். அவங்க மனசு கஷ்டப்படும்."

மூன்று வருஷத்தில் வேம்பு கூரையைத் தொட்டது. மகிழம் என் நெஞ்சளவுதான். இதற்குள் சுதந்திரமும் வந்துவிட்டது. நோன்யா மட்டும் வழியில் பார்த்தால் முகம் கொடுப்பதில்லை. வேம்பு செத்தது தெரிந்துவிட்டதோ என்று நான் மருகினேன். கடையில் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஊருக்குப் போகப் போகிறார், அந்தச் சாவி எனக்கு வரும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, உப்பை நிறுக்கும்போதே தராசை நாலு தரம் தட்டிப் பார்க்கிறவன் நீ. அந்தச் செட்டி அம்மாவுக்கு நாலு வெள்ளி மூணு வருஷமா தரலையாமே? மகிழம் மூணு, வேம்பு ஒண்ணுன்னு சொல்லுது. இப்படி இருந்தா கல்லாச் சாவியை உங்கிட்ட எப்படிக் குடுக்கிறது?"

அன்று சாயங்காலமே நாலு வெள்ளியை, அதாவது நாலு மலாயா டாலரை, இரண்டு தரம் எண்ணி எடுத்துக்கொண்டு நோன்யா வீட்டுக்குப் போனேன். விற்கிறவர் முதலில் வாய்விட்டுக் காசு கேட்டால் கன்று வாடிவிடும் என்பது அவர் நம்பிக்கை என்று அங்கேதான் தெரிந்தது. பிழைத்த மரத்துக்கு வாங்கினவரே காசு கொண்டுவந்து கொடுக்க வேண்டும், செத்த மரத்துக்குக் காசு கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த அந்த வழக்கம் புதிதாகக் குடிவந்த எங்களுக்குத் தெரியவில்லை. அவர் மலாயில் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன்.

மகிழத்துக்கு மூன்று வெள்ளியை நீட்டினேன், வாங்கிக்கொண்டார்.

"மம்புக்கு?"

"அது செத்துப்போச்சு, நோன்யா."

"செத்த மரமா தம்பி உன் கூரையைத் தொட்டுக்கிட்டு நிக்குது?"

அது வேறு மரம் என்றேன். புக்கிட் காதிலில் வாங்கினது என்றேன். உங்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான் மாற்றி வைத்தேன் என்றேன். சொல்லச் சொல்ல அது பொய்யாகவே எனக்கும் கேட்டது. நீங்கள் தானம் என்றதும் தமிழில் இனாம் என்று நினைத்துவிட்டேன் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்குத் தமிழ் தெரியாது. தெரியாத தமிழை என் வாயில வச்சுக் காசைக் குறைக்கிறியா?"

நாலாவது வெள்ளியையும் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"உன் மரம்னா எதுக்குக் காசு? என் மரம்னா எதுக்கு இவ்வளவு கதை? எதுன்னு சொல்லு. சொல்லிட்டுக் குடு."

அவருடைய மரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்திருக்கும். கல்லாச் சாவியும் வந்திருக்கும். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொண்டவன் நான். இன்னொரு தடவை அதே வேலையைச் செய்ய வாய் வரவில்லை.

"என் மரம்தான், நோன்யா" என்று சொல்லி வெள்ளியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. வேலை போனது என்றே நினைத்தேன்.

மறுநாள் காலையில் நோன்யா கடைக்கு வந்தார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். காசு வந்ததா என்று முதலாளி கேட்டதற்கு, அவரைத் 'தவுக்கே' என்று மரியாதையாகக் கூப்பிட்டு நோன்யா சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"மூணு வாங்கிட்டேன். ஒண்ணு பாக்கி. இவன் புளுகுறான் தவுக்கே. ஆனா கையில நீட்டின காசைப் பைக்குள்ள போட்டுட்டுப் புளுகுறான். திருட்டுப்பயன்னா அந்த ஒரு வெள்ளியைக் குடுத்து நல்ல பேரு வாங்கியிருப்பான். இது வேற ஏதோ வியாதி."

முதலாளி குலுங்கிச் சிரித்தார். அந்த வாரக் கடைசியில் சாவியைக் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது, அந்த ஒரு வெள்ளியைத் தானே கட்டிவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கட்டினால் நான் சொன்னது பொய்யாகிவிடும். கட்டாமல் இருந்தால் கடன்காரன். இரண்டில் எது மேல் என்று பல நாள் கல்லாவில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

நோன்யா அதன்பிறகு முகம் கொடுத்துப் பேசினார், என் மகளைக் கொஞ்சினார். ஆனால் கணக்கை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் கணக்குப்படி நான் இன்னும் தர வேண்டியது ஒரு வெள்ளி.