எங்கே என்று கேட்காத வெள்ளிக்கிழமை

தனியாக வேட்டைக்குப் போகிறவனுக்கு நான் நிறைய யோசனை சொல்லுவேன். வெயில் ஏறும்போது போ, உடும்பு வளைக்கு வெளியே படுத்திருக்கும். உன் நிழல் அதன்மேல் விழக் கூடாது. வளைக்குள் கையை விட்டுத் தொலைக்காதே, பாம்பு இருக்கும். இத்தனையும் தெரிந்த மகராசன் நான்தான் வளைகுடாவில், ராஸ் லஃபான் பாலைவனப் பொட்டலில் சாகக் கிடந்தேன்.

வாலில் முள்ளோடு இருக்கும் அந்தப் பிராணிக்கு அரபிகள் வேறு பெயர் சொல்வார்கள். எங்களுக்கு அது உடும்புதான். லேபர் கேம்ப் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை லீவு. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, சாக்கும் கம்பியும் ஒரு பாட்டில் தண்ணீருமாகக் கிளம்பினேன். எதிர்க்கட்டில் அண்ணன் எங்கள் ராமநாதபுரத்துக்காரர். சாக்கைப் பார்த்தார், ஏதோ கேட்க வந்தார், வாயை மூடிக்கொண்டார். வேட்டைக்குப் போகிறவனை எங்கே என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் அபசகுனம். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம் நடந்திருப்பேன். உடும்பைத் துரத்தியபோது ஒரு பழைய வளை காலடியில் உள்வாங்கியது. கணுக்கால் முறிந்தது. எழுந்திருக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் தண்ணீரும் தீர்ந்தது. அண்ணனை வாயில் வந்தபடி திட்டினேன். ஒருத்தனைக் காணோமே என்று தேட வேண்டாமா? அப்புறம்தான் உறைத்தது. தேடினாலும் எந்தப் பக்கம் தேடுவார்? நான்தான் யாரிடமும் மூச்சு விடவில்லையே. ஊரில் என் மனைவி ஏழு மாதம். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

சாயங்காலம் தண்ணி டேங்கர் ஓட்டிவந்த ஒரு பட்டாணிய டிரைவர் நான் ஆட்டிய சாக்கைப் பார்த்துவிட்டார். தூக்கிப்போட்டுக் கேம்புக்குக் கொண்டுவந்தார். கேட்டருகே அண்ணன் உட்கார்ந்திருந்தார். மத்தியானத்திலிருந்து எதிர்த்திசையில் அலைந்துவிட்டு வந்திருக்கிறார். முகம் கருத்து, உதடு வெடித்திருந்தது. என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“மத்தியானம் நீ சார்ஜ்ல போட்ட போனுக்கு உன் வீட்டுக்காரி கூப்பிட்டுச்சுடா,” என்றார். “எங்க போயிருக்காகன்னு கேட்டுச்சு. எனக்கு என்னடா தெரியும்? வயித்துப் பிள்ளக்காரி, பயந்துரக் கூடாதுன்னு, நஜ்மா பஜாருக்குப் போயிருக்கான்னு சொல்லிட்டேன்.”

வெடித்த உதட்டைத் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

“அப்டியே பிள்ளைக்கு ரெண்டு சட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கண்ணேன்னு சிரிச்சுச்சுடா.”