கிளட்ச் இல்லாத வண்டி

எங்கள் ஊரில் முதல் எலக்ட்ரிக் கார் வாங்கியவன் நான்தான். இதைச் சொன்னால் இன்றைக்கு இருப்பவர்கள், "அந்தக் காலத்துலயே சுற்றுச்சூழல் பத்தி யோசிச்சிருக்கீங்களே" என்று வியக்கிறார்கள். சுற்றுச்சூழலாவது மண்ணாங்கட்டியாவது. அந்த வண்டியில் கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. எனக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

அதற்கு முன்னால் நாலைந்து வருஷம் நான் கம்பெனி பஸ் ஓட்டினேன். பஸ் காண்டிராக்டருடையது, ஓடியது தொழிற்சாலைக்காக. குன்றத்தூரில் கிளம்பி, ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தென்மாவட்டத்து ஆட்களை வழியெல்லாம் அள்ளிக்கொண்டு, ஷிஃப்ட் மாறுவதற்குள் ஸ்ரீபெரும்புதூரில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஒரு நாள் தொழிற்சாலைக்குள் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கீழே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு டிரெய்லர் ரிவர்ஸில் வந்தது. அதற்கும் என் பஸ்ஸுக்கும் நடுவில் எனக்கு இடம் போதவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அப்போதும் இருக்கவில்லை.

அதுதான் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியது. ஆஸ்பத்திரியில் நான் கத்துவேன், அழுவேன், டிரெய்லர்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன் என்று காத்திருந்தார்கள். எனக்கு எதுவும் வரவில்லை. வீடு திரும்பிய பிறகும் அப்படியே. சாப்பாடு போட்டால் சாப்பிடுவேன், போடாவிட்டால் கேட்க மாட்டேன். டிவி ஓடினால் பார்ப்பேன். யாராவது நிறுத்திவிட்டுப் போனால் நிறுத்திய டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டீயா காபியா என்றால் எதுவோ ஒன்று. சோகம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சோகமாவது ஒரு சமாசாரம், அதிலாவது கொஞ்சம் உயிர் இருக்கும். எனக்கு இருந்தது, ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. தொடுவது கைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது.

என் மனைவி எங்கள் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கேன்டீன் வேலை பார்த்தாள். ஒரு நாள் அடுப்படியில் தன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "காலுதான் போச்சுன்னு நெனச்சேன்மா. ஆளே போய்ட்டாரு." ஒரு மனுஷன் இதைக் கேட்டால் கலங்க வேண்டும். நான் திரும்பிப் படுத்தேன்.

கேன்டீனுக்குச் சாப்பிட வரும் இன்ஜினியர் ஒருவர்தான் அவளிடம் இந்த வண்டியைப் பற்றிச் சொன்னாராம். பெங்களூரில் ஓடுகிறது, ரெண்டே பெடல், வலது கால் ஒன்று போதும், வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் போடலாம் என்று. அன்றைக்கு ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் ஊரான பென்னலூரில் கொஞ்சம் காசு வந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். என் நஷ்ட ஈட்டுப் பணத்துக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து நாலு ரூம் போட்டு வைத்திருந்தார்கள், வாயாலேயே. அவள் ஒற்றை ஆளாக நின்று எதிர்த்தாள்.

"ரூம் கட்னா வாடக வரும். இந்த மனுஷன் வருவாரா?" என்று கேட்டாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தால் நான் திரும்பி வந்துவிடுவேன் என்று அவள் நம்பினாள். கையிலிருந்த அத்தனையையும் அந்த ஒரு நம்பிக்கையின் மேல் வைத்தாள். இது எனக்கு நன்றாகவே தெரியும். வண்டி வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஷோரூம்காரர்களின் வண்டியிலேயே ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக் காட்டி, புது லைசென்ஸ் வாங்கும் வரை அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு அலைந்தாள். அவள் இழுத்த இழுப்புக்கு நான் போனேன்.

வண்டி எடுக்கிற அன்று இரண்டு பேரும் பஸ் பிடித்துக் கிண்டிக்குப் போனோம். அவள் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஷோரூம் வாசலில் வண்டி நின்றது. இரண்டு கதவு, சின்னஞ்சிறு சக்கரம், பின்சீட்டில் இரண்டு குழந்தைகளை உட்கார வைத்தால் மூன்றாவதாக ஒரு காய்கறிப் பை வைக்க முடியாது. பானெட்டில் சாமந்தி மாலை. அட்டையில் செய்த பெரிய சாவியை எங்கள் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள்.

"சார், கொஞ்சம் சிரிங்க சார்" என்றார் ஷோரூம்காரர்.

சிரித்தேன். ஆதார் இல்லாத காலம் அது, ஆனாலும் அந்தப் போட்டோவில் ஆதார் கார்டு முகம்தான். என் மனைவி என் சிரிப்பை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் எல்லாவற்றையும் விளக்கினார். சீட்டுக்கு அடியில் பேட்டரி, அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஏசி போட்டால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், வீட்டில் பதினைந்து ஆம்ப் பிளக். "பூந்தமல்லி தாண்டி ஹைவேயில நேரா போயிடுங்க சார். எங்கயும் சுத்த வேணாம்" என்றார். நான் சாவியைத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. "ஸ்டார்ட்லதான் சார் இருக்கு, அமுத்துங்க" என்றார். அமுத்தினேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்குவது மட்டும் கேட்டது.

கத்திப்பாராவில் சிக்னல் விழுந்தபோது ஓர் ஆட்டோக்காரர் குனிந்து உள்ளே பார்த்து, "இன்னா சார், பொம்ம காரா? சாவி முறுக்கி வுட்டா ஓடுமா?" என்றார். என் மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, நானும் சிரிக்கிறேனா என்று பார்த்தாள். எனக்குச் சிக்னல்தான் தெரிந்தது. பச்சை விழுந்ததும் எடுத்தேன்.

கை மறக்கவில்லை. லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் சந்து கிடைத்தால் நுழைந்தேன், கிடைக்காவிட்டால் நின்றேன். ஒழுங்காக ஓட்டினேன். வேறொருவன் ஓட்டுகிற வண்டியில் நான் உட்கார்ந்து போகிற மாதிரி இருந்தது.

"எப்டி கீது மாமா?" என்றாள்.

"நல்லாத்தான் கீது."

"நல்லாத்தான் கீதுன்னா?"

"ஓடுது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்காகவாவது கொஞ்சம் சந்தோஷப்பட்டுத் தொலைக்கலாம் என்று முயன்று பார்த்தேன். காலியான தண்ணீர்க் குழாயைத் திருகுவது போலிருந்தது. காற்றுகூட வரவில்லை.

போரூரில் நேராகப் பூந்தமல்லிக்குப் போக வேண்டியவன் இடது பக்கம் குன்றத்தூர் ரோட்டில் திருப்பினேன். யோசித்துத் திருப்பவில்லை.

"இன்னா இந்தாண்ட போற? ஹைவேல போவச் சொன்னாரே அவரு."

"பழக்கம்" என்றேன்.

குன்றத்தூரில் மலைக்குக் கீழே பஸ் நிறுத்தத்தை ஒட்டி, செகண்ட் ஷிஃப்ட் போகிற ஏழெட்டுப் பேர் கழுத்தில் கார்டும் தோளில் டிபன் பையுமாக நின்றிருந்தார்கள். நான் இடது ஓரம் ஒதுக்கி, அவர்கள் முன்னால் வண்டியை நிறுத்தினேன். பஸ்ஸாக இருந்தால் படிக்கட்டு எங்கே வந்து நிற்குமோ அங்கே என் மனைவியின் கதவு நின்றது. நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவர்கள் வண்டியையும் மாலையையும் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து, "யாரு வேணும்ணே?" என்றார்.

என் மனைவி மெதுவாக, குழந்தையை எழுப்புகிற குரலில் சொன்னாள். "மாமா. இது பஸ்ஸு இல்ல."

எடுத்தேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அடுத்த நிறுத்தத்திலும் என் கால் பிரேக்குக்குப் போனது, அதற்கடுத்ததிலும். நான் திரும்பி வரவில்லை என்பது அவளுக்கு அதற்குள் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கையில் போட்டிருந்த கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாக மேலே தள்ளுவதும் கீழே விடுவதுமாக இருந்தாள்.

சார்ஜ் முள் இறங்குகிறதே என்று ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்தோம். வண்டியில்தான் சத்தமே இல்லையே, ரோடு முழுக்க உள்ளே வந்தது. யாரோ சைக்கிளில் பேசிக்கொண்டு போவது, வயலில் மோட்டார் ஓடுவது எல்லாம் கேட்டது. வேறு எந்த வண்டியில் போயிருந்தாலும் எஞ்சின் இரைச்சலில் இதெல்லாம் கேட்டிருக்காது. அடுத்து வந்ததும் கேட்டிருக்காது.

பின்னால் தூரத்தில் ஒரு பஸ் வேகத்தடைக்காக மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கியது. கரகரவென்று பல்லோடு பல் உரசுகிற சத்தம். கண்ணாடியில் பார்க்கவே தேவையில்லை. என் பஸ்.

என் இடது தொடை இறுகி, செயற்கைக் காலின் ரப்பர் பாதம் தரையைப் போய் இடித்தது. அந்த இடத்தில் பெடல் இல்லை, வெறும் தரை. அடுத்த வேகத்தடையில் மறுபடியும் கரகர. மறுபடியும் இடித்தேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டியது. தாண்டும்போது இன்னொரு தரம் கியரை மாற்றினான் அவன், எலும்பை முறிக்கிற மாதிரி.

"டேய்!" என்று கத்தினேன். "கிளட்ச முழுசா மெறிடா! உங்கப்பன் வூட்டு வண்டியாடா அது!"

என் மனைவி துள்ளி உட்கார்ந்தாள். நான் அமுத்தினேன். பொம்மைக் கார் என்று அந்த ஆட்டோக்காரன் சொன்னானே, அது நன்றாகத்தான் ஓடியது. முன்னால் ஒரு நிறுத்தத்தில் பஸ் ஆளேற்ற நின்றதும் அதற்கு முன்னால் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினேன். சாமந்தி மாலை போட்ட ஒரு சின்ன வண்டி தன் பஸ்ஸை மறிப்பதைப் பார்த்து டிரைவர் இறங்கி வந்தார். என் வயதுதான் இருக்கும். தெற்கத்திக்காரர்.

"ஏன் அண்ணாச்சி சத்தம் போடுதீய? கிளட்ச் சரியா விட மாட்டேங்கு. ரிப்பேர் பாருங்கன்னா காண்டிராக்டர் கேக்க மாட்டேங்காரு. நான் என்ன செய்ய?"

"விடலன்னா இன்னாய்யா? டபுள் கிளட்ச் போடு! ஒரு தபா மெறிச்சு நியூட்ரல்ல வுடு. காலெடு. ரெய்ஸ் குடு. மறுபடி மெறிச்சு கியர்ல போடு. இப்டி, இப்டி..."

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் மிதித்து மிதித்துக் காட்டினேன். தடுக்கு தடுக்கென்று ரப்பர் அடிக்கிற சத்தம் வந்தது. அவர் என் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"நீங்கதானா அது" என்றார். பிறகு, "சரி அண்ணாச்சி. போடுதேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

வண்டியை ஓரம் கட்டி வழி விட்டேன். பஸ் கிளம்பிப் போனது. கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னப் பாலம், அதில் இரண்டாவது கியருக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஒரு மிதி. ரெய்ஸ். இன்னொரு மிதி. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கியர் விழுந்தது.

கரகரவென்று கேட்டிருந்தால் நான் இன்னும் நாலு திட்டு திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். சரியாக விழுந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வண்டி இன்னொருத்தன் காலுக்கு அடங்கிவிட்டது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, ரோடென்றும் பார்க்காமல் அழுதேன். பொறாமை, ஆத்திரம், துக்கம், எது எதுவென்று பிரிக்கத் தெரியவில்லை. எல்லாம் ஒரே சமயத்தில் வலித்தது.

"எனக்கு இந்த காரு வேணாமே" என்றேன். "என் பஸ்ஸு வேணும். என் காலு வேணும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. ஊரையே பகைத்துக்கொண்டு அவள் வாங்கிக் கொடுத்த வண்டி. அதில் உட்கார்ந்துகொண்டே வேண்டாம் என்கிறேன். பயந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தேன். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வழிய வழிய அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேளு மாமா" என்றாள். "நல்லா கேளு. எத்தினி மாசம் ஆச்சு நீ ஒண்ணு வேணும்னு கேட்டு."

"இனிமே அது எங்கமே கெடைக்கும்?"

"கெடைக்காது" என்றாள். தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதே தலைப்பால் தன் மூக்கையும் சிந்திக்கொண்டாள். "வேணும்னு சொல்லிக்கினே ஓட்டு. வூட்டுக்குப் போலாம்."

சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.