சூடமாக ஓடியவள்

பூஜை அலமாரியில் மூடாமல் விட்ட டப்பாவுக்குள் சூடம் பாதியாகத் தேய்ந்திருக்கிறது. அந்த வாசனை என்னை, இப்போது புறவழிச்சாலைக்கு அடியில் கிடக்கும் எங்கள் பள்ளிக்கூட மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. ஆறாம் வகுப்பு அறிவியல் டீச்சர் எங்களைக் கைகோத்து நெருக்கமாக நிற்கவைத்து ஐஸ் என்பார், சூடேறுகிறது என்றால் கைகளை விட்டு உரசிக்கொண்டே தண்ணீராக நகர்வோம், கொதிக்கிறது என்றதும் ஆவியாகி வேலிவரை சிதறுவோம், அவர் கைதட்டினால் ஓடிவந்து மறுபடி உறைவோம்.

“நான் சூடம் டீச்சர். அது தண்ணியாகாம அப்படியே ஆவியாயிடும்னு சொன்னீங்கல்ல,” என்றாள் ஒருநாள், என் வலக்கையைப் பிடித்திருந்த மல்லிகா.

“சரி, சூடமாவே இரு,” என்று டீச்சர் சிரித்தார்.

நாங்கள் தண்ணீராக நகரத் தொடங்கும்போதே அவள் என் கையை உதறிவிட்டு, வேலியைத் தாண்டி, அன்றுதான் புதுத்தண்ணீர் வந்துசேர்ந்திருந்த வாய்க்கால் பக்கம் ஓடிவிட்டாள். கைதட்டல் கேட்டு எல்லோரும் திரும்பிவந்து உறைந்தோம். என் வலப்பக்கம் மட்டும் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது.

சாயங்காலம் மதகடியில் அவளை எடுத்தார்கள்.

டப்பாவை இறுக மூடிவிட்டேன். வலக்கை மட்டும் இன்னும் விரிந்தே இருக்கிறது.