சாம்பல் நிறக் கப்பல்களின் பக்கம்

எங்கள் வட்டாரத்தில் யாராவது கடற்படை என்று வாயெடுத்தால், அடுத்த மூச்சில் சோழன் வந்து நிற்பான். லூபோக் சீனாவிலும் அப்படித்தான், மஸ்ஜித் தானாவிலும் அப்படித்தான், மலாக்காப் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் அப்படித்தான். நான் சொல்ல வருவது இந்த நாட்டின் கடற்படையை: சாம்பல் நிறக் கப்பல்கள், டீசல் வாடை, வெள்ளைத் தொப்பி. கேட்பவர் காதில் விழுவது கடாரம்.

சோழன் மீது எனக்குக் கோபம் கிடையாது. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கப்பலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கண் முன்னால் போகும் கப்பலைப் பார்க்க மறுக்கிறோமே, அதன் மீதுதான் கோபம். சென்ற ஆண்டு அந்தக் கோபம் என் தம்பியின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். மலாக்கா ஆற்றங்கரைக்கு அருகில் ஓர் அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை எழுத்தராக இருந்தேன். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இரண்டு கப்பல்கள் பார்வைக்கு நிற்கின்றன. ஒன்று, 1511இல் இந்த ஊரைச் சூறையாடிய போர்ச்சுகீசியர், கொள்ளைப் பொருளை ஏற்றிப் போய்ச் சுமத்ரா பக்கம் மூழ்கவிட்ட கப்பலின் மாதிரி. பெரிய வயிறு, உயரமான பாய்மரம். சுற்றுலாப் பேருந்துகள் அதற்கு முன்னால்தான் நிற்கும். சற்றுத் தள்ளி, கரையேற்றி வைத்த கடற்படை ரோந்துப் படகு. அறுபதுகளின் தொடக்கத்தில் போர்ட்ஸ்மத்தில் கட்டி, நம் கடலைச் சுற்றிச் சுற்றிக் காவல் காத்த படகு. கொள்ளைக் கப்பலுக்கு வரிசை கட்டி நிற்பார்கள். காவல் படகின் நிழலில் நான் மட்டும் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படித்தான் கப்பல் பைத்தியம் பிடித்தது. எந்தக் கப்பல் எந்த ஆண்டு வந்தது, எப்போது ஓய்வு கொடுத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். 1934இல் தொண்டர் படையாகத் தொடங்கியது, 1958 ஜூலை முதல் தேதி பிரிட்டன் கையிலிருந்து மலாயாவின் கைக்கு வந்தது. 1964இல் வந்த முதல் பெரிய போர்க்கப்பலுக்கு மலாக்கா அரசர் காலத்து வீரன் ஒருவனின் பெயரை வைத்தார்கள். 1977இல் அதே பெயரை வேறொரு கப்பலுக்குக் கொடுத்தார்கள். அந்த இரண்டாவது கப்பல் கானா நாட்டுக்காகக் கட்டியது. அங்கே ஆட்சி கவிழ்ந்ததால் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், பிரிட்டனிடம் சில காலம் இருந்துவிட்டு நம்மிடம் வந்து சேர்ந்தது. இந்தக் கதையை ஒருமுறை கல்யாணப் பந்தியில் சொன்னேன். பக்கத்து இலைக்காரர் கடைசிவரை கேட்டுவிட்டு, “அக்கா, ரசம் இந்தப் பக்கம் வரலியே” என்றார்.

உறவுக்காரர்களுக்கு நான் கப்பலக்கா. கேலிப் பெயர்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

என் தம்பி மஸ்ஜித் தானாவில் லாரி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அவனுடைய பிக்அப் வண்டியின் பின்கதவு முழுக்க ஒரு ஸ்டிக்கர்: புலிக்கொடி பறக்கும் சோழர் கப்பல். அவனுக்கு ஒரே மகள். தொழிற்கல்லூரியில் இயந்திரப் படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் கடையிலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அவள் மனத்தில் கடலை ஊற்றினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. என் தேதிகளைக் கேட்டால் அவளுக்குக் கொட்டாவி வரும். அவளுக்குப் பிடித்தது இயந்திரம். அதைக் கற்றுக்கொடுத்தவன் அவளைப் பெற்றவன்.

ஒரு சனிக்கிழமை நான் கடைக்குப் போயிருந்தபோது அவள் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே கைப்பேசியை நீட்டினாள். “அத்தை, கெடச்சிருச்சு. நேவி. மூணு வாரத்துல ஜொகூர் டிரெய்னிங்குக்கு வரச் சொல்லிட்டாங்க.”

தம்பி டயருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். “என்னா கெடச்சிருச்சு? நான் விட்டாத்தான?”

“செலக்‌ஷன் முடிஞ்சிருச்சுப்பா.”

“முடியட்டும். நம்ம தமிழ் சனத்தயெல்லாம் அங்க எவன் மேல வர விடுவான்? வாழ்க்க பூரா தர தொடச்சிக்கிட்டு இருப்ப.”

“நேத்து பூரா இங்க என்னா பண்ணேன்? ஒங்க கடத் தரையத்தான தொடச்சேன்?”

நான் சிரித்துவிட்டேன். அவன் என் பக்கம் திரும்பினான். “சிரிக்காதக்கா. எல்லாம் நீ குடுத்த எடம். கப்பல் கப்பல்னு சொல்லியே அவ மண்டயக் கழுவிட்ட.”

“அத்த சொன்னதுல ஒரு தேதிகூட எனக்கு ஞாபகம் இல்லப்பா. டீசல் எஞ்சினக் கழட்டச் சொல்லிக் குடுத்தது நீங்கதான்.”

“லாரிக்குச் சொல்லிக் குடுத்தேன் லா. கப்பலுக்கா சொல்லிக் குடுத்தேன்?”

பிறகு அவன் அடுத்த ஆயுதத்தை எடுத்தான். “ஜொகூர்ல கப்பலு முழுகுச்சே, மறந்திட்டியா?”

அது என் துறை. “2024 ஆகஸ்ட் இருபத்தஞ்சு, ஞாயித்துக்கெழம. 1979லேர்ந்து ஓடுன கப்பல். முப்பத்தொம்பது பேரும் பொழச்சாங்க. லாரி ஓடுற இந்தச் சடக்குல எத்தன புள்ளைங்க மோட்டர் சைக்கிள்ல விழுந்து செத்திருக்கு? அவள மோட்டர் ஓட்ட வேணாம்னு சொன்னியா?”

“பொம்பளப் புள்ள. நடுக்கடல்ல. ஆம்பளைங்களோட.”

“கடைக்கு வர்ற லாரிக்காரனெல்லாம் யாருப்பா?” என்றாள் அவள்.

“நான் அனுப்ப மாட்டேன். அவ்ளோதான்,” என்று சொல்லிவிட்டு மறுபடி டயருக்குப் பின்னால் போய்விட்டான்.

அவனுடைய பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இளைஞனாக இருந்தபோது அவன் போலீஸ் வேலைக்கு முயன்றான். உயரம், படிப்பு, உடற்கட்டு எல்லாம் இருந்தது. வேலை மட்டும் கிடைக்கவில்லை. அதன் பிறகு அரசாங்க உடுப்பு என்றாலே அவனுக்கு அடைத்த கதவுதான். மகள் அந்தக் கதவில் போய் முட்டிக்கொள்வாள் என்று பயந்தான். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பின்கதவில் கப்பலை ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறவன், மகள் கப்பலில் ஏறக் கேட்கும்போது இல்லை என்றால், அந்த ஸ்டிக்கர் எதற்கு? இதைக் கேட்டேன். அவன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

அந்த மூன்று வாரத்துக்கு நடுவில்தான் லூபோக் சீனா பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வரலாற்று மாலை நிகழ்ச்சி வந்தது. நிர்வாகக் குழுவின் செயலாளர் என் தம்பி. கடற்படை பற்றிப் பேச ஆள் வேண்டும் என்று, சண்டைக்கு முன்பே என்னைக் கேட்டிருந்தான். நான் போனபோது மேடையில் பெரிய பேனர்: கடல் வென்ற தமிழர். அதே புலிக்கொடிக் கப்பல்.

“அக்கா, பத்தாயிரம் கப்பல்னு ஆரம்பி. சனம் கை தட்டும்,” என்றான்.

“எங்க இருக்கு பத்தாயிரம்?”

“வாட்சாப்ல வந்துச்சு.”

“கல்வெட்டுல பல கப்பல்னுதான் இருக்கு. எண்ணிக்க இல்ல.”

“பத்தாயிரமும் பலதான லா?”

ஒலிபெருக்கி கரகரத்ததால் அவன் மகள் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வயர்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் குனிந்து, “ஒன் விசயத்தச் சொல்லட்டுமா?” என்று கேட்டேன். “வேணாம் அத்தை. என் சண்டைய நானே போட்டுக்கறேன்,” என்றாள்.

சோழனுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தேன். நல்ல ஐந்து நிமிடம்தான், கைதட்டலும் கிடைத்தது. பிறகு 1958 ஜூலைக்கு வந்தேன். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: “கப்பலக்கா, சோழன எங்க எறக்கி விட்டீங்க?”

மண்டபம் சிரித்தது.

“கடாரத்துலயே எறக்கி விட்டேன் தம்பி. அவரு எறங்கி ஆயிரம் வருசம் ஆச்சு. நாமதான் இன்னும் அவரு கப்பல்லயே உக்காந்திருக்கோம். நாமளும் எறங்கலாம்.”

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நான் நிறுத்தவில்லை. இந்த நாட்டுக் கப்பல்களில் நம்மவர்கள் இயந்திர அறையிலும் சமையல் கட்டிலும் சைகை விளக்கின் பக்கத்திலும் நின்றார்கள், அதிகாரிகளாகவும் நின்றார்கள், பால்மரத் தோட்டத்திலிருந்து போனவர்களும் அதில் உண்டு என்றேன். முன்வரிசையில் கோயில் தலைவர் தலையை ஆட்டிக்கொண்டே, “அது அந்தக் காலம்மா” என்றார். அவருக்குப் பின்னால் பல தலைகள் ஆடின.

என்னால் பொறுக்க முடியாத மூன்று சொற்கள் அவை.

“அந்தக் காலம் தானா வரலைங்க ஐயா. யாரோ ஒரு தாய் தகப்பன் புள்ளைய அனுப்புனதால வந்துச்சு. இப்ப நாம அனுப்பாம வச்சிக்கிட்டு, இப்ப யாரும் இல்லைனு நாமளே சொல்றோம்.”

“பேசுறது சுலபம் கப்பலக்கா,” என்றார் பின்வரிசைக்காரர். “இப்ப போற ஒரு ஆளக் காட்டுங்க பாப்போம்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மேடைக்குக் கீழே, வயர்களுக்கு நடுவிலிருந்து அவள் எழுந்து நின்றாள். மைக்கைத் தொடவில்லை. அவள் குரலுக்கு அது தேவைப்படவும் இல்லை.

“நான் போறேன். எஞ்சின் பிரிவு. அடுத்த ஞாயித்துக்கெழம.”

மண்டபம் அமைதியானது. எங்கள் கூட்டங்களில் அமைதி வந்தால் அதை நிரப்ப ஒரே ஒரு வழிதான் உண்டு: பொன்னாடை. அன்று தட்டில் இருந்தது ஒன்றுதான், பேச்சாளரான எனக்காக வாங்கியது. தலைவர் முகம் மலர எழுந்தார். “செயலாளர் வாங்க! ஒங்க மகளுக்கு நீங்களே போத்துங்க!”

தம்பி மேடைக்கு வந்தான். பொன்னாடையைப் பிரித்தான். மகளைப் பார்த்தான். மகளும் பார்த்தாள், கண்ணை இறக்கவில்லை. அவன் இரண்டடி தாண்டி வந்து அதை என் தோளில் போட்டு, “பேச்சு முடிஞ்சது, நன்றி” என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

நான் அதை எடுத்து அவள் தோளில் போட்டேன். அவள் அதை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “இது வேணாம் அத்தை. பெரிய பேக் இருந்தா குடுங்க.”

அந்த வாரம் முழுவதும் அவன் வீட்டில் யாரோடும் பேசவில்லை. அவன் மனைவி மட்டும் மகளின் துணிகளைத் துவைத்து அடுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை என் காடியில் அவளை ஏற்றி, நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். விடுமுறை நாளிலும் கடை திறந்திருந்தது. ஒரு லாரிக்கு அடியிலிருந்து அவனுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அவள் நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்க் குனிந்தாள்.

“ப்பா, போறேன்.”

ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. “பதினேழு ஸ்பேனர் எடு.”

அவள் பலகையைப் பார்த்தாள், லாரியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். “பதினேழு சேராதுப்பா. பத்தொம்பது.” எடுத்து அவன் கையில் வைத்தாள். கை அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. ஆசீர்வாதமும் இல்லை, தடையும் இல்லை. ஜொகூரில் அவளை இறக்கிவிட்டுத் திரும்பினேன்.

பொன்னாடை போட்ட நாளுக்குப் பிறகு தம்பி என்னோடும் பேசவில்லை. எத்தனை வாரம் என்பது எனக்குத் தெரியும், வீட்டு விசயம் என்பதால் இங்கே எழுதவில்லை. போன மாதம் பேட்டரி மாற்றக் கடைக்குப் போனேன். ஒரு லாரிக்காரரிடம் அவன் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: “என் மக கப்பல்ல எஞ்சின் ஆபீசரு!”

நான் உள்ளே போகும்போதே திருத்தினேன். “ஆபீசரு இல்ல. டிரெய்னிங்ல இருக்கா. இன்னும் கப்பல்ல ஏறல.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “ஏறுவா லா. எழுதி வச்சிக்க.”

“நடந்ததத்தான் எழுதுவேன்.”

“அப்ப போனாள்னு எழுது,” என்றான். “அது நடந்துச்சில்ல?”

நடந்தது. எழுதிவிட்டேன்.