காளியம்மாக்கா ஏறாத கார்

புதுக் காரைப் பழுது பார்ப்பவன் மெக்கானிக். பழைய கார் பார்ப்பவன் அந்த வீட்டில் ஒருத்தன், எது நடந்தாலும் அவன் தலைதான் உருளும். பழைய கார் வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

போளூரில் மலை ரோடு பிரியும் இடத்தில் என் பட்டறை. எல்லோருக்கும் நான் பாய். மலைமேல் ஜமுனாமரத்தூர் பக்கத்து விவசாயி வெள்ளையண்ணன் என் நிரந்தர வாடிக்கையாளர். அவர் மனைவி காளியம்மாக்காவுக்கு முழங்கால் தேய்மானம். வாரா வாரம் போளூர் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஷேர் ஜீப்பில் காலை மடக்கி உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காகவே அண்ணன் வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருவரிடம் பழைய கார் வாங்கி வந்தார். அக்கா அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, நிற்காமல் மலையேறட்டும், அப்புறம் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வண்டியைப் பழக்குகிறேன் என்று அண்ணன் காரில் முன்னால் போவார்; அக்கா ஷேர் ஜீப்பில் பின்னால் போவார்.

ஊற்றுத் தண்ணீர்

முதல் போன் அக்காவிடமிருந்துதான் வந்தது. மலை வளைவுகளில் டவர் கிடையாது, உச்சிக்குப் போனால்தான் கிடைக்கும்; ஜீப் காரைத் தாண்டி அங்கே போனதும் பேசினார். வண்டி வளைவில் புகைவிட்டுக்கொண்டு நிற்கிறது, போய்ப் பார் என்று சொல்லி வைத்துவிட்டார். குரலில் ஒரு திருப்தி இருப்பதாக எனக்குப் பட்டது.

பைக்கில் போனேன். பானெட்டைத் திறந்துபோட்டு, துண்டால் இன்ஜினுக்கு விசிறிக்கொண்டிருந்தார் அண்ணன். ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைக் கழற்றினால், வாஷர் காய்ந்து உதிர்ந்து கிடக்கிறது. தண்ணீரெல்லாம் ஆவியாகப் போயிருக்கிறது. மிச்சமிருந்தது துருவும் சேறும். கூலண்ட் ஊற்றச் சொன்னேனே என்றேன். ஊற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாராம். அது இன்ஜினுக்கு ஆகாது என்றதும் அவருக்கு மனசு புண்பட்டுவிட்டது.

"எங்க மலைத் தண்ணியக் குடிச்சி ஒரு மாடுகூட சீக்கா வுழுந்ததில்ல பாய். கொறை இந்த வண்டியிலதான் கீது."

இழுக்காத இன்ஜின்

அடுத்து, ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. பின்னால் வரும் ஜீப்புக்கு வழிவிடாமல் நடுரோட்டில் முக்குகிறது என்று உச்சியிலிருந்து அக்காவின் போன். நான் கிளட்ச்சை இறக்கினேன், நன்றாக இருந்தது. பெட்ரோல் பில்டரை மாற்றினேன், பிரயோசனமில்லை. வேறு வழியில்லாமல்தான் ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே எலி குடித்தனம். படுக்கக் கிழிந்த துணி, சாப்பிடச் சாமை. மூச்சுவிட இடமில்லாமல் இன்ஜின் திணறியிருக்கிறது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அண்ணனோ கொஞ்சம் சாமையை உள்ளங்கையில் எடுத்து ஊதி, உற்றுப் பார்த்தார்.

"நம்மூட்டு சாமைதான் பாய். கொட்டிடாத, ஒரு பையில போட்டுக் குடு."

இறக்கம்

மூன்றாவது முறை போன் இல்லை. வழியில் காரை முந்திவந்த ஜீப்பிலிருந்து இறங்கி, நொண்டிக்கொண்டே அக்கா பட்டறைக்கு வந்து, பின்னால் வண்டி வருகிறது, நாற்றம் அதற்கு முன்னால் வருகிறது என்றார். சொன்ன மாதிரியே வந்தது. பிரேக் கருகிய வாசனை.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, மலை முழுக்க பிரேக்கிலேயே இறங்கி வந்திருக்கிறார் மனுஷர். இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். உயிரோடு வந்ததே பெரிசு. எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். இரண்டாவது கியரில் இன்ஜினை ஓடவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சத்தியம் வாங்கப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எறங்கறதுக்கும் பெட்ரோல் குடுக்கணும்னா, அப்பறம் மலை இன்னாத்துக்கு பாய்?"

யாரும் இறங்காதீங்க

பிறகு ஒரு சத்தம். பின்பக்கம் டொக் டொக் என்று இடிக்கிறதாம். பட்டறையில் வண்டி பரமசாது. கூடவே மலையேறிப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை. ஆள் ஏறினால்தான் வரும் என்றார் அண்ணன். அவ்வளவுதான், வழியில் ஜீப்புக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் சத்தத்துக்கு உதவி செய்வதாகச் சொல்லி ஏறிவிட்டார்கள். ஒருவர் மடியில் பலாப்பழம் வேறு.

சத்தம் வந்தது. ஒருவரும் இறங்கக் கூடாது, இறங்கினால் மறைந்துவிடும் என்று கெஞ்சிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தேன். சைலன்சர் பைப்பைத் தாங்கும் ரப்பர் அறுந்திருக்கிறது. பாரம் ஏறி வண்டி தாழ்ந்ததும் பைப் போய் ஆக்சிலில் இடிக்கிறது. கம்பியால் தூக்கிக் கட்டினேன். மேலே உட்கார்ந்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடிந்தது, இனி இறங்கலாம் என்றேன். பலாப்பழக்காரர் அசையவில்லை.

"எதுக்கும் ஊரு வரைக்கும் இப்பிடியே ஒக்காந்துனு வர்றோம் பாய். மறுபடி சத்தம் வந்தா ஆளுக்கு எங்க போவ?"

முன் சீட்டு

புது ரப்பர் மாட்டி, பாரம் ஏற்றி, உச்சி வரை நானே ஓட்டிப் பார்த்தேன். எங்கும் நிற்கவில்லை. அடுத்த ஆஸ்பத்திரி நாளன்று டாக்டரைப் பார்த்துவிட்டு, வீடு திரும்ப இரண்டு பேரும் பட்டறை வாசலில் நின்றார்கள். அண்ணன் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, கால் நீட்ட இடம் பண்ணி, மேலே புதுத் துண்டு விரித்து, கதவைத் திறந்துபிடித்திருந்தார். அக்கா ஜீப் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்காகத்தானே இதை வாங்கினார், போன் போட்டு நக்கல் பண்ணியது போதும், ஏறுங்கக்கா என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நக்கலா? வளைவுல டவரு கெடையாது. ரெண்டு பேரும் உள்ளியே ஒக்காந்துனா, வண்டி நின்னுப்போச்சுன்னு ஒனக்கு யாரு பாய் சொல்றது?"

 இத்தனை நாளும் அந்தக் காலை மடக்கி, வலியோடு, காரைக் கண்ணில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அண்ணன் சுத்தமாக இருந்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு கதவைப் பிடித்து ஏறி, காலை மெல்ல நீட்டினார்.

"நின்னா நிக்கட்டும். இந்த வாட்டி நானும் கூட நிக்கறேன். வண்டிய எடு."

அன்று சாயங்காலம் எனக்குப் போன் வரவில்லை. பழைய கார் பார்க்கிறவனுக்கு அடிக்காத போன்தான் சர்டிபிகேட், ஆனால் போன் பண்ணுகிற ஆளே வண்டிக்குள் இருக்கும்போது அதையும் முழுசாக நம்ப முடிவதில்லை.