கோப்பாய் வீட்டுக் காஸ் அடுப்பு

நான் பொருத்திய அடுப்பில் ஒரு பெண்ணின் கை வெந்தது. எனக்கு வெட்கமான பகுதி அதற்குப் பிறகுதான் நடந்தது.

மலாயாவில் ரெயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற கனகசபை ஐயா, கோப்பாயில் தன் பழைய வீட்டைத் திருத்திச் சமையலுக்குப் புதுக் குசினி கட்டினார். விறகுப் புகை வேண்டாம், காஸ் அடுப்புத்தான் வேண்டும் என்றார். வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறத்தில், தொட்டி போல ஒரு தகரத் தாங்கி. உள்ளே கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்டக் காஸ் எழும். அதை இரும்புக் குழாயில் சுவருக்குள்ளால் அடுப்புக்குக் கொண்டுவர வேண்டும். கொழும்பில் பைப் வேலை பழகியவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது எனக்குத் தலைக்கனம் அதிகம்.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் வைத்திருந்தார்கள். வியாழன் மத்தியானம் மேசன் கேட்டார்: "சுவரைப் பூசட்டோ?"

குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பூச விடவேண்டும். நான் பார்க்கவில்லை. "பூசுங்கோ" என்றேன்.

மறுநாள் ஐயாவின் மனைவி இராசம்மா அடுப்படியில் நின்று சொன்னார்: "தம்பி, உள்ளி மணக்குது. இண்டைக்கு விரதம். வீட்டிலை ஒருத்தரும் உள்ளி தொடேல்லை."

கசியும் கார்பைட் காஸ் உள்ளி போல, வெள்ளைப்பூண்டு போல மணக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. "புது அடுப்பு அப்பிடித்தானம்மா. பத்தவையுங்கோ" என்றேன்.

அவர் குச்சியை உரசியதும் சுவரின் புதுப் பூச்சில் இருந்த கீறலிலிருந்து சுவாலை பாய்ந்தது. நான் ஓடிப்போய்த் தாங்கி வால்வைப் பூட்டிவிட்டு வந்தபோது, அம்மா வெந்த வலக்கையைப் பானைத் தண்ணீருக்குள் வைத்திருந்தார்.

"என்ன தம்பி நடந்தது?" என்றார் ஐயா.

"அம்மா அடுப்புத் திருகைக் கூடுதலாத் திறந்திட்டா போலை, ஐயா."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "சொன்னதைக் கேட்டுச் செய்யத் தெரியாது! உனக்கு விறகடுப்புத்தான் சரி."

அம்மா என்னையே பார்த்தார். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பூச்சை உடைத்தேன். ஒரு மூட்டில் காஸ் கசியாமல் அடைக்கும் சணலைச் சுற்றவே மறந்திருந்தேன். பின்னால் நின்ற அம்மா கேட்டார்: "உது முந்தியே பிழையோ?"

"ஓம் அம்மா."

"அவரிட்டைச் சொல்லுவீரோ?"

"சொல்லுறன்."

சொல்லவில்லை. மூட்டை இறுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, மனம் பொறுக்காமல் போய் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதுக்கென்ன தம்பி, இப்ப கைப்புண் மாறிட்டுதுதானே" என்று சிரித்தார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "புண் மாறினது சரி. சனத்துக்கு முன்னாலை என்னை ஏசேக்கை இந்தத் தம்பி வாய் திறக்கேல்லையே."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பிழைக்கு வேறொருவர் ஏச்சு வாங்கினால், அந்த நிமிடமே வாயைத் திறவுங்கள். பிறகு போய்ச் சொன்னதில் என் மனப்பாரம் குறைந்தது. அந்த அம்மாவுக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை.