அம்மா கீழே வைக்காத தட்டு

பிரசிடெண்ட் பெண்டாட்டிக்கு என்ன குறை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என்ன குறை என்று என் அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும். ஒருவரும் கேட்டதில்லை.

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் எங்கள் தீவுக்கு என் அப்பா, அதாவது நைனா, பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஆனபோது நான் மூன்றாம் வகுப்பு. அதுவரை அம்மாவும் மற்றப் பெண்களோடு ஏரியில் இறங்கியவள்தான். பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பதவி வந்ததும் நைனா, "பிரசிடெண்ட் பொண்டாட்டி சேத்துல குந்திக்கினு இருந்தா என்னை எவன் மதிப்பான்?" என்று அதை நிறுத்திவிட்டார். பிறகு அம்மாவுக்குக் கிடைத்த உத்தியோகம் என்ன தெரியுமா? படகில் வரும் அதிகாரிகளுக்கு நண்டுக் குழம்பு வைப்பது. கொடியேற்றும் நாளில் பட்டுப்புடவையில் வியர்த்து நின்று மிட்டாய் கொடுப்பது. யார் என்ன சொன்னாலும் சிரிப்பது. நல்ல உத்தியோகம்தான்.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கோயில் வாசலில் நடக்கும் அந்தக் கூட்டத்துக்குப் பெண்கள் போகக்கூடாது. பிரசிடெண்ட் பெண்டாட்டி மட்டும் வெற்றிலைத் தட்டைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைக்க வேண்டும். வைத்த பிறகுதான் குலுக்கல். வைத்தவள் வாயைத் திறக்காமல் திரும்பிவிட வேண்டும்.

நைனா பிரசிடெண்ட் ஆன அந்த வருஷமே பெண்கள் இறால் தடவும் இடத்தையும் குலுக்கலில் சேர்க்கப் போவதாகப் பேச்சு வந்தது. பெண்கள் கூட்டமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "யக்கா, அங்க வலைய கட்டிட்டா நாங்க மண்ணையா திங்கிறது? நீ சொன்னா அண்ணன் கேக்கும்" என்றார்கள். அண்ணன் கேட்கிற லட்சணம் அம்மாவுக்குத் தெரியாதா? ஆனாலும் பார்க்கிறேன் என்றாள்.

கூட்டத்தன்று அம்மா தட்டோடு போனாள். போனவள் அதைக் கீழே வைக்கவில்லை. நைனாவைப் பார்த்து, "பொம்பளைங்க தடவுற எடத்த குலுக்கல்லேர்ந்து எடுங்க. அப்பதான் தட்ட வெப்பேன்" என்றாள். ஆம்பளைகள் எல்லோரும் நைனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. நான் தெருமுனையில் பெண்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நைனா சிரித்தார். "அவ சொல்றதும் நாயந்தான். அந்த எடம் குலுக்கல்ல வாணாம்பா" என்றார். அம்மா தட்டை வைத்தாள். தெருமுனைக்கு வந்தவளைப் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அவர்கள் பறியோடு போய்ப் பார்த்தால் அந்த இடம் முழுக்க வலை கட்டியிருந்தது. எல்லாம் எங்கள் வீட்டு வலை. சித்தப்பா காவலுக்கு நின்றுகொண்டு, "குலுக்கல்ல இல்லாத எடம் பொதுவு. பொதுவ பிரசிடெண்ட்தான் பாத்துக்கணும்" என்று சட்டம் பேசினார். அம்மா வீட்டில் நைனாவிடம் கத்தினாள். அவர் சட்டை பட்டனைப் போட்டபடி, "நீ கேட்ட, நான் குட்த்தேன். இன்னா இப்போ?" என்றார். எத்தனை வருஷம் ஆகியும் என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

பெண்கள் அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள். "புருசனும் பொண்டாட்டியும் சேந்து நல்லா ஆடுனீங்க நாடகம்" என்றாள் ஒருத்தி. அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். யாரும் நம்பவில்லை.

அதற்குப் பிறகு ஒருத்தியும் அவளை யக்கா என்று கூப்பிடவில்லை. குழாயடியில் அம்மா குடத்தோடு வந்தால், "பிரசிடெண்டம்மா வராங்க, வழிய வுடுங்கடி" என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் பிடித்தாள். எனக்கோ அப்போது ஒரே பெருமை. எங்கம்மாவுக்கு இப்போதெல்லாம் ஊரே ஒதுங்கி வழிவிடுகிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.